கிரிக்கெட் வீரரின் மனைவியும் அந்த எழுபதாயிரம் ரூபாயும்

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஸ்குவாஷ் கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டத்தில் தீபிகா பல்லிக்கலும் ஹரிந்தர் பால் சிங் சந்துவும் மலேசிய ஜோடியை 11-10, 11-10 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். 10-10 ஆகிவிட்டால் அடுத்த புள்ளியை எடுப்பவருக்கே கேம் என்பது அந்த ஆட்டத்தின் விதி. இரண்டு கேமிலும் அந்த ஒற்றைப் புள்ளியில் நின்று ஜெயித்திருக்கிறார்கள். இரட்டைக் குழந்தைகளைப் பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்த ஒரு பெண் செய்த காரியம் அது.

அன்று சாயங்காலம் என் செல்போனுக்கு வந்த வாழ்த்துப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்தான். "தினேஷ் கார்த்திக் மனைவி தங்கம் வென்றார்." சிலதில் தீபிகாவின் பெயரே இல்லை. ஒன்றில் படமும் கணவருடையதுதான்!

தினேஷ் கார்த்திக் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 2018இல் கொழும்பில் பங்களாதேஷுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் அவர் அடித்த சிக்ஸருக்குத் தெருவே அதிரக் கத்தியவர்களில் நானும் ஒருவன். என் கோபம் வேறு. அவர்களுக்குத் திருமணம் நடந்தது 2015இல். தீபிகா உலகத் தரவரிசையில் 10ஆவது இடத்துக்கு வந்தது 2012 டிசம்பரில். இந்தியப் பெண்களில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான். ஆண்களில்? சவுரவ் கோஷல் முதல் பத்துக்குள் வந்தது 2019இல். அதாவது, இந்திய ஆண் யாரும் தொடாத உயரத்தை இந்தச் சென்னைப் பெண் ஆறு வருடத்துக்கும் மேல் முன்னாலேயே தொட்டுவிட்டார்.

இன்னொரு வேடிக்கை. அவருக்குக் கிரிக்கெட் உறவு கல்யாணத்தால் வந்ததே அல்ல. தாய் சூசன் இட்டிச்செரியா 1970களில் இந்திய மகளிர் அணிக்காக டெஸ்ட் ஆடியவர். வீட்டில் முதல் கிரிக்கெட்டர் அம்மாதான். "கிரிக்கெட் வீராங்கனையின் மகள்" என்று எழுதியிருந்தால்கூட ஓரளவு நியாயம். எழுத மாட்டார்கள். ஏனென்றால் அந்த அம்மாவின் பெயரும் நமக்குத் தெரியாது. மகளிர் கிரிக்கெட் பிசிசிஐ குடைக்குள் வந்ததே 2006இல்தான். அதற்கு முன் ஆடிய பெண்கள் எல்லாம் நம் கணக்கில் ஆடவே இல்லை.

சரி, பெயர் விஷயத்தை விடுங்கள். நான் எழுத வந்தது பணத்தைப் பற்றி.

2011இல் தேசிய சாம்பியன் பட்டம் வென்ற தீபிகா 2012 முதல் 2015 வரை தேசியப் போட்டியில் ஆடவில்லை. காயமில்லை, தகுதி போகவில்லை. ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம் பரிசுத்தொகை. 2015 தேசியப் போட்டியில் ஆண் சாம்பியனுக்கு 1,20,000 ரூபாய், பெண் சாம்பியனுக்கு 50,000 ரூபாய். வித்தியாசம் 70,000. ஆணுக்கு ஒரு ரூபாய் என்றால் பெண்ணுக்கு 42 காசு. இரண்டும் சமமாகும்வரை வரமாட்டேன் என்றார். நான்கு ஆண்டு வரவும் இல்லை.

ஒரு ஸ்குவாஷ் ஆட்டக்காரரின் 20 முதல் 24 வயது என்பது என்ன தெரியுமா? கால் பறக்கிற வயது. கணுக்கால், முழங்கால், முதுகு என்று ஒவ்வொன்றாகப் பழுதாவதற்கு முந்தைய வயது. தேசியப் பட்டங்களை வரிசையாகக் குவிக்க வேண்டிய வயதில் ஒருவர் அவற்றை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார். புவனேஸ்வரி குமாரி 1977 முதல் 1992 வரை தொடர்ந்து 16 முறை தேசியப் பட்டம் வென்றார். ஜோஷ்னா சின்னப்பா அந்தச் சாதனையை 2019இல் முறியடித்து, பிறகு 19ஆவது பட்டம் வரை போனார். தீபிகாவின் பெயருக்கு நேராக இருப்பது இரண்டே இரண்டு. 2011, 2016. நடுவில் உள்ள அந்த வெற்றிடம்தான் என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆட்ட வாழ்க்கையின் பெரிய சாதனை.

இதைக் கல்லூரி கேன்டீனில் சொன்னால் சண்டை வருகிறது. நண்பர்கள் வைக்கிற வாதங்களைக் கேளுங்கள்.

முதல் வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "டென்னிஸில் ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று செட். குறைந்த வேலை, குறைந்த கூலி." டென்னிஸிலேயே இந்த வாதம் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. அமெரிக்க ஓப்பனில் 1973இலேயே சமப் பரிசு, விம்பிள்டனில் 2007இல். அதை விடுங்கள். ஸ்குவாஷில் இந்த வாதத்துக்கு நிற்கவே இடமில்லை. ஆணும் பெண்ணும் ஆடுவது ஒரே ஐந்து கேம் ஆட்டம். மூன்று கேம் எடுப்பவர் வெற்றி. கேமுக்கு 11 புள்ளி. அதே 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலக் கோர்ட். அதே பந்து. 2017இல் சென்னையில் ஆசியத் தனிநபர் இறுதியில் ஜோஷ்னாவும் தீபிகாவும் மோதியபோது ஆட்டம் ஐந்தாவது கேம் வரை போனது. ஜோஷ்னா வென்றார், ஆசியப் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார். அந்த ஐந்தாவது கேமில் ஓடிய ஓட்டத்துக்கு 42 காசு ரேட் போடுகிறவர் எழுந்து நிற்கட்டும்.

கொஞ்சம் விவரம் தெரிந்த ஒரு நண்பன் 'டின்' கணக்கை எடுத்தான். முன் சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை இருக்கும். அதில் பந்து பட்டால் புள்ளி போச்சு. ஆண்களின் தொழில்முறைப் போட்டியில் அதன் உயரம் 17 அங்குலம், பெண்களுக்கு 19 அங்குலமாக இருந்தது. "பாத்தியா, பெண்களுக்குச் சலுகை" என்றான். இது சலுகையே இல்லை. தகரம் உயர்ந்தால் பந்தைத் தாழ அடித்துப் புள்ளியை முடிப்பது கஷ்டம். ராலி நீளும், இன்னும் ஓட வேண்டும். ஆண்கள் டின்னைத் தாழ்த்தியதே ஆட்டம் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான். பெண்கள் ஆட்டமும் 2015இல் 17 அங்குலத்துக்கு மாறிவிட்டது. ஆக அந்த இரண்டு அங்குலமும் காலி.

இரண்டாவது வாதம் சந்தை. "ஆண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வரும், ஸ்பான்சர் வருவான், அதனால் பணம்." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எந்தக் கூட்டம்? நம் தேசிய ஸ்குவாஷ் போட்டி என்பது கேலரி நிரம்பி டிக்கெட் வசூலாகிற சமாச்சாரமா? ஆண்கள் இறுதியையும் பெண்கள் இறுதியையும் அதே கண்ணாடிக்குப் பின்னால் அதே ஆட்கள்தான் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெரும்பாலும் அகாடமிப் பிள்ளைகளும் பெற்றோர்களும். நடத்துவது சம்மேளனம். சம்மேளனத்துக்கு அரசு நிதி வருகிறது, ஸ்பான்சர் பணம் மொத்தமாக வருகிறது. அதை இரண்டாகப் பிரிப்பது யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து பேனாவால் செய்கிற வேலை. சந்தை வந்து பிரிக்கவில்லை, ஐயா! சந்தை மேல் பழியைப் போடுவது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியே சாதனைக் கணக்குக்கு வருவோம் என்றாலும், கணக்கு அவர்களுக்கு எதிராகத்தான் வரும். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னாவும் தீபிகாவும் பெண்கள் இரட்டையரில் தங்கம் வென்றார்கள். ஸ்குவாஷ் காமன்வெல்த்தில் சேர்ந்தது 1998இல். அதிலிருந்து அதுவரை அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு ஒரு வெண்கலம்கூட வந்ததில்லை. முதல் பதக்கமே தங்கம். இறுதியில் எதிரே நின்ற இங்கிலாந்து ஜோடியில் ஒருவர் லாரா மசாரோ, அப்போதைய உலக சாம்பியன். தரவரிசையில் முதல் பத்துக்குள் போனதும் பெண், காமன்வெல்த் கணக்கைத் தொடங்கியதும் பெண்கள். திறமைக்கு ஏற்ற கூலி என்று அன்றைக்கு யாராவது உண்மையாகவே பிரித்திருந்தால் அந்த 1,20,000 எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்?

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. "நாட்டுக்காக ஆடுகிறவர் காசு பார்க்கலாமா?" இதை ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சம்பளத்துக்காகக் கிரிக்கெட் வாரியத்தோடு மல்லுக்கட்டிய ஆட்டக்காரர்கள் எல்லாம் நமக்கு ஹீரோக்கள். பெண் கேட்டால் பேராசை. சரி, நாட்டுப்பற்றையே அளந்து பார்ப்போம். அவர் புறக்கணித்தது தேசியப் போட்டியை மட்டும். அதே 2014இல் கிளாஸ்கோவுக்குப் போனார், இந்திய ஜெர்சி போட்டுத் தங்கம் வாங்கினார். அடுத்து இஞ்சியோன் ஆசியப் போட்டிக்குப் போனார், தனிநபரில் வெண்கலமும் அணியில் வெள்ளியும் வாங்கினார். அதே வருடம் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. நாட்டின் ஒரு கை பத்மஸ்ரீ நீட்டுகிறது, இன்னொரு கை உனக்கு 42 காசு போதும் என்கிறது. இதில் முரண்டு பிடித்தது யார்?

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழில்முறை ஸ்குவாஷில் மாதச் சம்பளம் கிடையாது. ஐபிஎல் ஏலம் கிடையாது. விமானச் சீட்டு, ஓட்டல், கோச், பிசியோ எல்லாம் பெரும்பாலும் கைக்காசு அல்லது ஸ்பான்சர் காசு. முதல் சுற்றில் தோற்றால் வந்த வழியே திரும்ப வேண்டும், செலவு மட்டும் மிச்சம். தீபிகா ஆஸ்திரேலியா போய் ஐந்து முறை உலக சாம்பியனான சாரா ஃபிட்ஸ்ஜெரால்டிடம் பயிற்சி எடுத்தவர். அப்படிப்பட்ட ஒருவருக்குச் சொந்த நாட்டின் தலைசிறந்த போட்டியை முழுதாக வென்றால் கிடைப்பது 50,000 ரூபாய். அமெரிக்காவுக்கு ஒருமுறை போய்வர அது போதுமா என்பதே சந்தேகம்.

இப்போது கொஞ்சம் கடினமான வாதம். இதை எதிர்கொள்ளாமல் நழுவினால் நான் ஏமாற்றுக்காரன். "ஸ்குவாஷே பணக்கார ஆட்டம். தீபிகாவால் நான்கு வருடம் புறக்கணிக்க முடிந்தது, ஏனென்றால் அந்த 50,000 இல்லாமலும் அவரால் வாழ முடியும்." முதல் பாதி முழு உண்மை. இங்கிலாந்தில் ஹாரோ என்கிற பணக்காரப் பள்ளியில் பிறந்து, ராணுவக் குடியிருப்புகள், ஜிம்கானா கிளப்கள், அரண்மனைகள் வழியாக இந்தியாவுக்குள் வந்த ஆட்டம் அது. மேலே சொன்ன புவனேஸ்வரி குமாரியே ஆல்வார் அரச குடும்பம். புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பெத்தாங்க் விட்டுப் போனார்கள். அதற்கு ஒரு மண் தரையும் நாலு இரும்புக் குண்டும் போதும், நம் பெரியவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். ஸ்குவாஷுக்கு நாலு சுவர், மரத்தரை, அதற்கென்றே ஷூ எல்லாம் வேண்டும். நான் படித்த பள்ளியில் கோகோ கம்பம் நட்டாலே பெரிய விஷயம். ஆகவே இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு வர்க்கப் பாசம் ஒன்றும் கிடையாது.

ஆனால் இரண்டாவது பாதி எங்கே போகிறது பாருங்கள். வசதி உள்ளவர் எதிர்த்தால் "உனக்கென்ன, நீ பணக்காரி." வசதி இல்லாதவர் எதிர்த்தால் "இஷ்டமிருந்தால் ஆடு, இல்லாட்டி போ." அப்புறம் யார்தான் எதிர்ப்பது? 15 வயதுப் பெண், அப்பா கடன் வாங்கி ராக்கெட் வாங்கித் தந்திருக்கிறார், தேசியப் போட்டியில் அரையிறுதி வந்தால்தான் விளையாட்டு இட ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம். அந்தப் பெண் புறக்கணிக்க முடியுமா? முடியாது. அவள் பரிசுத்தொகையும் சேர்த்து உயர வேண்டுமென்றால், இழக்கத் தாங்குகிற ஒருத்தி முன்னால் நின்று இழந்தால்தான் உண்டு. தாங்க முடிந்தவர்கள் எல்லோரும் அப்படி நின்றுவிடுகிறார்களா என்ன?

அது வீண் போகவும் இல்லை. 2016இல் தேசியப் போட்டியில் ஆண் பெண் பரிசுத்தொகை சமமாக்கப்பட்டது. தீபிகா திரும்பி வந்தார். நான்கு வருடம் அந்தப் போட்டிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர் இறுதியில் ஜோஷ்னாவை வென்று பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டீர்கள்.

வெளியுலகமும் அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருந்தது. 2013இல் அமெரிக்க ஓப்பன் ஸ்குவாஷ் சமப் பரிசு கொடுத்தது, பெரிய போட்டிகளில் அதுதான் முதல். 2015இல் ஆண்கள் சங்கமும் பெண்கள் சங்கமும் ஒன்றாக இணைந்தன. 2019இல் சிகாகோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பத்து லட்சம் டாலரை ஆணுக்குப் பாதி, பெண்ணுக்குப் பாதி என்று பிரித்தார்கள். நம் கிரிக்கெட் வாரியம் மேட்ச் சம்பளத்தைச் சமமாக்கியது 2022 அக்டோபரில். (டெஸ்டுக்கு 15 லட்சம் இருவருக்கும் என்றார்கள், மகிழ்ச்சி. பெண்களுக்கு வருடத்துக்கு எத்தனை டெஸ்ட் வைக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி.) கோடிகள் புரளும் வாரியத்துக்கு ஆறு வருடம் முன்னாலேயே கைக்காசில் ஓடுகிற ஒரு சின்ன ஆட்டம் அதைச் செய்துவிட்டது. தானாகக் கனிந்து விழுந்த பழமில்லை அது. ஒரு பெண் நான்கு வருடம் மரத்தைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள்.

அதற்குப் பிறகும் அவர் வாங்கிய பதக்கங்களைப் பாருங்கள். 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள். 2022 ஏப்ரலில் மறுபடி கிளாஸ்கோ, உலக இரட்டையர் போட்டி. ஜோஷ்னாவோடு ஒரு தங்கம், சவுரவ் கோஷலோடு ஒரு தங்கம், இரண்டும் ஒரே நாளில். அதே வருடம் பர்மிங்காம் காமன்வெல்த்தில் கலப்பு இரட்டையர் வெண்கலம். அடுத்த வருடம் ஹாங்சோ. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்குவாஷ் முதல்முறையாக ஒலிம்பிக்கில் வருகிறது. 2005, 2009, 2013 என்று மூன்று முறை கதவைத் தட்டித் திரும்பியபின் 2023இல்தான் அனுமதி கிடைத்தது. எட்டு முறை உலக சாம்பியனான மலேசியாவின் நிக்கோல் டேவிட்டுக்கே ஒலிம்பிக் வாய்க்கவில்லை. இனி ஆட்டத்துக்குள் பணம் வரும், வேலை வாய்ப்பு வரும். 2025 டிசம்பரில் சென்னையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது ஜோஷ்னாவோடு பதினேழு வயது அனாஹத் சிங்கும் அணியில் இருந்தார். அனாஹத் இனி ஆடப்போகிற தேசியப் போட்டிகளில் 42 காசு என்கிற பேச்சே இருக்காது. யாரால் என்று அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். நமக்குத்தான் தெரியாது, நாம் அவரை இன்னும் "தினேஷ் கார்த்திக் மனைவி" என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஸ்குவாஷ் ராக்கெட்டைக் கையில்கூடப் பிடித்திராத நான் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று கேட்கலாம். எங்கள் ஊரின் பெயரிலேயே உழவர் இருக்கிறார். நகராட்சியாகி, நிலமெல்லாம் மனையாகிவிட்டது, அது வேறு கதை. ஆனால் என் பாட்டி நடவுக்குப் போன காலத்துக் கூலிக்கணக்கை இன்னும் விரல் மடக்கிச் சொல்லும். ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி. சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976இல் சட்டமே வந்தது. இன்றைக்கும் எங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் போய் நின்று பாருங்கள். பெரியாளுக்கு ஒரு ரேட், சித்தாளுக்கு ஒரு ரேட். சித்தாள் என்றால் பெண். இருவரும் தூக்குவது அதே கலவைச் சட்டிதான். ஏன் என்று மேஸ்திரியைக் கேட்டால், "அது அப்படித்தான் தம்பி" என்பார். கேன்டீனில் சந்தை, செட் கணக்கு, டின் உயரம் என்று சுற்றி வளைத்தவர்களை விட மேஸ்திரி நேர்மையானவர். வேறு காரணம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறார்.

பொங்கல் விளையாட்டுப் போட்டியும் அப்படித்தான். ஆண்கள் கபடிக்கு நெஞ்சளவு கோப்பையும் கவரில் பணமும். பெண்கள் கபடி என்று ஒன்று இரண்டு வருடமாக வைக்கிறார்கள், ஜெயித்தவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா. போன முறை ஜெயித்த அணியில் ஒரு பெண் டப்பாவைத் திறந்து, உள்ளே பணம் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ரசீது புத்தகத்தோடு தம்பிகள் வருவார்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னாலேயே வருவார்கள். கபடி முதல் பரிசு என்ற வரியில் ஆண்களுக்கு எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு என்று கேட்கப் போகிறேன். இரண்டு இடத்திலும் ஒரே தொகை இருந்தால் வழக்கமாகத் தரும் ஐந்நூறோடு இன்னொரு ஐந்நூறு. டப்பா என்றால், என் பெயருக்கு ரசீது கிழிக்க வேண்டாம்.